பிள்ளைகளுக்கு ஹெட்போன் வாங்கும் முன்...

கேம் விளையாட, பாட்டு கேட்க, நண்பர்களோடு பேச என்று பிள்ளைகள் ஹெட்போன் கேட்காத வீடு இன்று குறைவு. நாமும் விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் இணைப்பு. பெரும்பாலான புளூடூத் ஹெட்போன்களில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலியின் தரம் இறங்கிவிடும். பாட்டு பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் ஆகும். கேமில் சத்தமும் சற்றுத் தாமதமாக வரும். மூன்று வேலைக்கும் ஒன்றே போதும் என்றால், வாய்க்கு அருகே மைக் உள்ள வயர் ஹெட்செட்டே நல்லது. கணினியில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் ஒரே துளையா, தனித்தனியா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போவோம்.

அடுத்தது, காதை முழுவதும் மூடும் மெத்தை. வெளிச்சத்தம் குறைந்தால் ஒலியைக் கூட்டி வைக்கும் தேவையும் குறையும். பிள்ளைகளின் காதுக்கு இதுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான். 90 டெசிபல் என்றால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணி நேரம்தான். உள்காதின் நுண்ணிய செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

ஒரு கை தூரத்தில் நின்று நாம் கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்கவில்லையா? சத்தம் அதிகம் என்று பொருள். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் இரைச்சல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவோம். வாங்கிக் கொடுக்கும் அன்றே போனில் ஒலியளவுக்கு வரம்பும் வைத்துக் கொடுப்போம்.