வற்றிய கிணற்றுக்கு வருகிறவர்

செபத்தில் மனம் ஒட்டாதபோது அதை விட்டுவிடுவதே நேர்மை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி விட்டும் பார்த்தவர் அவிலா புனித தெரேசா. 1535-ல் ஸ்பெயினின் அவிலா நகரில் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செபத்தோடு மல்லுக்கட்டியதைத் தன் வரலாற்று நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டியபடி முழந்தாளில் இருந்த நாள்கள் உண்டு. செபிக்கும் இடத்தில் கால் வைக்கவே கசந்த நாள்களும் உண்டு. தனக்குத் தகுதியில்லை என்று, தாழ்ச்சியின் பெயரால், ஓராண்டுக்கும் மேல் தியான செபத்தைக் கைவிட்டார். தந்தையின் மறைவையொட்டி ஒரு தொமினிக்கன் குரு வற்புறுத்திய பிறகே திரும்பினார். வறட்சியை அல்ல, கைவிட்ட அந்த நாள்களைத்தான் பெரிய ஆபத்தாக அவர் பின்னாளில் கருதினார்.

ஏன் என்பதை அவரே விளக்குகிறார். செபம் ஒரு தோட்டம். உருக்கமும் கண்ணீரும் அதற்கு இறைக்கும் தண்ணீர். கிணறு வற்றினால் தோட்டக்காரர் என்ன செய்வார்? வருவது அவர் வேலை. ஊறுவது தோட்டத்துக்கு உடையவரின் விருப்பம். தண்ணீரே இல்லாமலும் செடிகளைக் காக்க அந்த உடையவரால் முடியும் என்கிறார் தெரேசா. இன்பத்துக்காக மட்டும் வருகிறவர் இன்பத்தையே தேடுகிறார். அது நின்றபின்னும் வருகிறவர் யாரைத் தேடுகிறார் என்பதில் ஐயமில்லை. எனவே வறட்சியைத் தோல்விக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள நான் மறுக்கிறேன்.

உணர்வில்லாமல் உதடு அசைப்பது பாசாங்கு என்பார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதானே பாசாங்கு? வறண்ட மனத்தை வறண்டபடியே கடவுள்முன் வைப்பதில் அது எங்கே வந்தது? இதைவிடக் கனமான கேள்வி, இந்த வறட்சி மனச்சோர்வாக இருந்தால் என்ன செய்வது என்பது. தெரேசாவின் தோழரான சிலுவை புனித யோவான் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. கடவுள் காரியங்களிலும் உலகக் காரியங்களிலும் சுவையின்மை, முன்போல் தியானிக்க இயலாமை, இவற்றோடு கடவுளுக்கு ஊழியம் செய்யவில்லையே என்ற தவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். எதிலுமே நாட்டமற்ற சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அதனால் செபம் குறைந்துவிடாது. வறட்சியிலும் தொடர்வது பிடிவாதமா விடாமுயற்சியா என்று எப்படி அறிவது என்றால், தெரேசா பார்க்கச் சொன்னது செபத்தின் சுவையை அல்ல, பிறரிடம் காட்டும் அன்பையும் தாழ்ச்சியையும்.

வறண்ட நாளில் வழக்கமான செபத்தைச் சுருக்கலாம். செபிக்கும் வேளையை மாற்றாமல் இருப்பது நல்லது. புத்தகத்தின் துணையையும் நாடலாம். தெரேசா, நற்கருணை வாங்கிய வேளை தவிர, பதினெட்டு ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் செபிக்கத் துணியவே இல்லை. சில நாள் நிறைய வாசிப்பார். பல நாள் அதைத் திறந்ததுமே மனம் கூடிவிடும்.