கிழட்டு இன்ஜினுக்குச் சாராய விருந்து

எத்தனால் கலந்தால் டர்போ காரின் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் அதைத் தாங்குமா?

பத்து வயதான டர்போ பெட்ரோல் கார். ஓடோமீட்டரில் 1,20,000 கி.மீ. செகண்ட் ஹாண்டில் சல்லிசாகக் கிடைத்துவிட்டது. வாங்கியவருக்கு அடுத்து வருவது வேகத்தின் மீது ஆசை. பெருநகரங்களில் இதற்கென்றே கராஜ்கள் இருக்கின்றன. லேப்டாப்பை காரின் கம்ப்யூட்டரோடு இணைத்து, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றித் தருகிறார்கள். இப்போது அதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மந்திரச் சொல்: எத்தனால்.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எத்தனாலின் ஆக்டேன் அளவு பெட்ரோலைவிட அதிகம். ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர வைக்கும். எனவே டர்போ எவ்வளவு காற்றை அமுக்கினாலும் இன்ஜின் எளிதில் 'நாக்' அடிக்காது. சரக்கும் எட்டாத தூரத்தில் இல்லை. பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2024 மார்ச்சில் ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் 'எத்தனால் 100' என்ற எரிபொருளையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பெட்ரோலும் எத்தனாலும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ் ஃப்யூயல்' வண்டிகளுக்கானது. கிழட்டு டர்போக்களுக்கு அல்ல.

சிக்கல் கணக்கில் தொடங்குகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே அளவு காற்றுக்குச் சுத்த எத்தனால் ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். 40 சதவீதக் கலவை என்றாலே ஆறில் ஒரு பங்கு கூடுதல். பத்து வருடம் உழைத்துத் தேய்ந்த பம்ப்பும் பாதி அடைத்துக்கொண்ட இன்ஜெக்டரும் இதைத் தருமா? சாதாரண ஓட்டத்தில் தந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதுதான் கைவிடும். காற்று நிறைய, எரிபொருள் குறைவு. சிலிண்டரில் சூடு ஏறி பிஸ்டன் உருகச் சில விநாடிகள் போதும்.

அடுத்தது அழுக்கு. எத்தனால் நல்ல கரைப்பான். டாங்க்கிலும் குழாய்களிலும் ஆண்டுக்கணக்காகப் படிந்திருப்பதைக் கழுவிக்கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் ஊதும், வெடிக்கும். ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் காரில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தங்கி, உலோகத்தை அரிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஆயிலில் இருக்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் வழியாக எரியாத எரிபொருள் கசிந்து ஆயிலில் கலக்கிறது. கூடுதலாக ஊற்றினால் கசிவும் கூடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும் டர்போவின் பேரிங்குக்கு அந்த நீர்த்த ஆயில்தான் ஒரே பாதுகாப்பு. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் மோசம். ஆயில் சூடாகி, கலந்தது ஆவியாக வாய்ப்பே இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய அபாயம் மறதி. 40 சதவீதக் கலவைக்காகத் தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளி வைத்த கார், வெளியூர்ப் பயணத்தில் சாதாரண பங்க்கில் 20 சதவீதத்தை நிரப்பிக்கொள்கிறது. கலவையை அளக்கும் சென்சார் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. மலைப்பாதையில் 'நாக்' சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

பிடிவாதக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். தேறினால் பம்ப், ஃபில்டர், குழாய்கள், ஸ்பார்க் பிளக் எல்லாம் புதிதாக வேண்டும். முழு மிதியில் காற்று-எரிபொருள் விகிதத்தை மீட்டர் வைத்துப் பார்க்காத டியூனரிடம் காரை விடக்கூடாது. ஆயிலை வழக்கத்தில் பாதி தூரத்திலேயே மாற்ற வேண்டும். கலவையை வீட்டிலேயே அறியலாம்: அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 90 மி.லி. பெட்ரோலும் 10 மி.லி. தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினால், எத்தனால் தண்ணீரோடு கீழே சேரும். கீழ் அடுக்கு 28 மி.லி. காட்டினால் அது 20 சதவீதக் கலவை. நெருப்பும் சிகரெட்டும் பக்கத்தில் கூடாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றங்கள் விபத்துக்குப் பிறகு வினையாகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எத்தனாலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரேசிலில் 1979 முதல் சாராயத்தில் கார்கள் ஓடுகின்றன. ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. இங்கே அதே விருந்து, பத்தியச் சாப்பாட்டில் இருக்கும் கிழவருக்குப் பரிமாறப்படுகிறது. எழுந்து ஓடத்தான் செய்வார். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.