கருகினால் பிடுங்காதீர்கள்

புனேக்குக் குடிவரும் நம்மவர்கள் மழைக்காலத்துப் பூக்கடையில் சோன்டக்காவைப் பார்த்தால் மயங்கிவிடுவார்கள். இஞ்சி இனத்து வெள்ளைப் பூ. அந்தியில் விரிந்தால் வாசல்வரை மணக்கும். கிழங்கு வாங்கி நட்டு, மார்ச்சில் இலை கருகியதும் ‘செத்துப்போச்சா?’ என்று கேட்பார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

புனேயில் ஆண்டுக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் மழை. பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். மற்ற மாதங்களில் பேருக்குத்தான் மழை. ஈரம் விரும்பும் செடி இங்கே இரண்டையும் தாங்கவேண்டும்: தேங்கும் நீரையும், நீரில்லாத கோடையையும்.

தேங்கிய நீரில் மற்ற செடிகள் அழுகுவது ஏன்? வேருக்குக் காற்று கிடைக்காததால். ஆனால் ஈரம் விரும்பும் சேம்பின் இலைத்தண்டைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோலத் துளைகள். அவற்றின் வழியாகத்தான் காற்று கீழே இறங்குகிறது. கல்வாழைக்கும் இந்த வசதி உண்டு. ஊரில் கொல்லையில் குளியல் தண்ணீர் பாயும் இடத்தில் கல்வாழை செழித்தது இதனால்தான். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்புகளிலும் இன்று அதை நடுகிறார்கள்.

கோடையைத் தாங்கும் வித்தையைச் சாத்தாராவுக்கு அருகிலுள்ள காஸ் பீடபூமியில் பார்க்கலாம். 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. பாறைமேல் மெல்லிய மண். மழை பெய்தால் பூக்காடு, கோடையில் வெறும் பொட்டல். அங்குள்ள தரை ஆர்க்கிட்கள் வறட்சி முழுக்க மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கி, மழைக்கு எழுகின்றன. தண்ணீர் குறைந்தால் சோன்டக்காவும் இலையைக் கைவிட்டுக் கிழங்கைக் காப்பாற்றிக்கொள்ளும்.

அதனால் நம் வேலை சுலபம். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அடியோடு வெட்டிவிடுங்கள். கரிசல் மண் வெடித்தால் ஈரம் ஓடிவிடும். தொழுவுரம் கலந்து, மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு பரப்புங்கள். கோடையில் மண் முழுக்கக் காயாத அளவுக்குத் தண்ணீர் போதும். ஏசியிலிருந்து சொட்டும் நீரைத் திருப்பிவிடலாம். ஆர்ஓ கழிவுநீர் வேண்டாம், உப்பு சேரும். மே கடைசியில் கிழங்கைத் தோண்டி, துண்டுக்கு இரண்டு முளை இருக்கும்படி பிரித்து, இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். காலை வெயிலும் மதிய நிழலும் படும் இடம் உத்தமம்.

கருகியதைப் பிடுங்குமுன் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழத்தால் தூக்கிப் போடுங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, ஜூன்வரை பொறுங்கள்.