தண்ணீர் அரைக்கும் மாவு

கேழ்வரகு அரைக்க நாம் மாவு மில்லுக்குப் போகிறோம். மில் வருவதற்கு முன்பு வீட்டில் திரிகை இருந்தது. கீழே ஒரு கல். மேலே ஒரு கல். அதைச் சுற்றியது யார்? பெண்கள்தான். பொழுது விடியும் முன்பே எழுந்து, கை வலிக்க வலிக்கச் சுற்றினார்கள்.

இமயமலைப் பக்கம் இந்த வேலையைத் தண்ணீரிடம் கொடுத்தார்கள். உத்தராகண்ட் மாநிலத்து மலைக் கிராமங்களில், ஓடைக் கரையில் சிறிய கல் வீடுகள் உண்டு. அவற்றுக்குக் 'கராட்' என்று பெயர். அந்த வீட்டுக்குள் இருப்பதும் திரிகைதான். ஆனால் பெரிய திரிகை.

அது எப்படிச் சுற்றுகிறது? ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு அருகில் அது சரிவான மரத் தொட்டியில் வேகமாக இறங்குகிறது. வீட்டின் தரைக்கு அடியில் மரச் சக்கரம் ஒன்று படுத்தபடி இருக்கிறது. தண்ணீர் மோதியதும் சக்கரம் சுழல்கிறது. அதன் நடுத்தண்டு தரை வழியாக மேலே வந்து மேல்கல்லைச் சுற்றுகிறது. கீழ்க்கல் அசையாது.

கல்லுக்கு மேலே தானியக் கூடை தொங்குகிறது. கூடையோடு சேர்ந்த ஒரு குச்சி, சுற்றும் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். கல் சுற்றினால் குச்சி துள்ளும். கூடை அதிரும். தானியம் கொஞ்சம் கொஞ்சமாக விழும். கல் நின்றால் தானியமும் நின்றுவிடும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாகாது. அரைப்பவருக்குக் கூலியாக மாவிலோ தானியத்திலோ ஒரு பங்கு கொடுப்பது பழைய வழக்கம். சக்கரத்தைச் சுற்றிய தண்ணீரும் வீணாவதில்லை. கீழே உள்ள வயலுக்கு அதே தண்ணீர் பாயும்.

ஆனாலும் பெண்களின் பாடு முழுதும் தீரவில்லை. மலைப் பாதையில் மூட்டையைச் சுமந்து போனவர்களும் அவர்கள்தான்.

பிறகு டீசல் மில்லும் கரண்ட் மில்லும் வந்தன. கராட்டில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மில்லில் சீக்கிரம் வேலை முடியும். கூட்டம் அங்கே போனது. பல ஓடைகளில் தண்ணீரும் குறைந்தது. கராட்டை நம்பிய குடும்பங்கள் வேறு வேலை தேடின. பல கராட்டுகள் பூட்டிக் கிடக்கின்றன.

டேராடூனில் 'ஹெஸ்கோ' என்ற அமைப்பு இருக்கிறது. இதைத் தொடங்கிய அனில் பிரகாஷ் ஜோஷிக்கு 2020-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. இந்த அமைப்பினர் பல கராட்டுகளைச் சீர்செய்தார்கள். மரச் சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சக்கரம் வைத்தார்கள். தண்டுக்குப் பேரிங் போட்டார்கள். அதே தண்ணீரில் கல் வேகமாகச் சுற்றியது. கூடுதல் மாவு கிடைத்தது. சில கராட்டுகளில் மின்சாரம் எடுக்கும் கருவியையும் இணைத்தார்கள். அங்கே பகலில் மாவு அரைக்கலாம். இரவில் அதே தண்ணீரில் விளக்கு எரிக்கலாம்.