பல் உள்வைப்பின் நிலைப்புத்தன்மை: எலும்பு அடர்த்தியும் துளையிடும் முறையும்

திறவுச்சொற்கள்: பல் உள்வைப்பு, எலும்பிணைவு, எலும்பு அடர்த்தி, துளையிடல், முறுக்குவிசை

முன்னுரை

இழந்த பல்லின் வேருக்கு மாற்றாகத் தாடை எலும்பில் பொருத்தப்படும் டைட்டானியத் திருகு பல் உள்வைப்பு எனப்படுகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965ஆம் ஆண்டு இத்தகைய திருகுகளை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். உலோகப் பரப்போடு உயிருள்ள எலும்பு நேரடியாகச் சேர்வதே எலும்பிணைவு. அது நிறைவுறச் சில மாதங்கள் செல்லும். அதுவரை திருகைத் தாங்கி நிற்பது எலும்பின் பிடிப்பு மட்டுமே. இதனை முதன்மை நிலைப்பு என்பர். ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு மேல் நுண்ணசைவு ஏற்படின் எலும்புக்கு மாறாக நார்த்திசு திருகைச் சூழ்ந்துகொள்ளும், உள்வைப்பு தோல்வியுறும்.

எலும்பின் வகைகள்

லெக்ஹோம், சார்ப் ஆகிய இருவரும் 1985இல் தாடை எலும்பை நான்கு வகைகளாகப் பகுத்தனர். முதல்வகை பெரும்பாலும் செறிவான புறணி எலும்பால் ஆனது. நான்காம் வகையில் மெல்லிய புறணிக்குள் அடர்த்தி குறைந்த பஞ்செலும்பே மிகுதி. கீழ்த்தாடையின் முன்பகுதியில் செறிந்த எலும்பும், மேல்தாடையின் பின்பகுதியில் மென்மையான எலும்பும் பொதுவாகக் காணப்படுகின்றன.

துளையிடும் முறை

தேக்கில் துளையிடும் தச்சர் இலவமரத்திலும் அதே அளவில் துளையிட்டால் திருகு பிடிக்காது. தாடையிலும் இதுவே நிலை. மென்மையான எலும்பில் திருகின் விட்டத்தினும் சிறிதாகத் துளையிட்டால், திருகு நுழையும்போது பக்கத்து எலும்பு நெருக்குண்டு பிடிப்பு மிகும். எலும்பை அகற்றாமல் உளி போன்ற கருவியால் பக்கவாட்டில் ஒதுக்கும் முறையைச் சம்மர்ஸ் 1994இல் விளக்கினார். தனிவகைத் துளைமுனைகளை எதிர்த்திசையில் சுழற்றி எலும்புத் துகள்களைத் துளையின் சுவரிலேயே அழுத்திச் செறிவூட்டும் முறை அண்மைக்காலத்தது.

செறிந்த எலும்பில் இதே உத்தி தீங்காகும். அங்கே குருதியோட்டம் குறைவு. உராய்வு வெப்பமோ மிகுதி. முயலெலும்பில் 47 பாகை செல்சியசு வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கேடுறுவதை எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆகியோர் 1983இல் காட்டினர். ஆதலால் கூரிய துளைமுனைகளால், குளிர்ந்த உப்புக்கரைசலைப் பாய்ச்சியவாறு, விட்டு விட்டு அழுத்தி, படிப்படியாகத் துளையை அகலப்படுத்த வேண்டும். தேவைப்படின் திருகின் புரிகளுக்கேற்ற பள்ளங்களையும் முன்னரே வெட்ட வேண்டும்.

இறுக்கமும் நிலைப்பும்

இவ்விடத்தில் சொல்லாட்சி குறித்து ஒன்று கூறலாம். பேச்சு வழக்கில் 'இறுக்கம்' என்பதும் 'உறுதி' என்பதும் ஒன்றாகவே ஆளப்படுகின்றன. இத்துறையில் அவ்வாறு ஆள்வது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். உடனடியாகப் பல் பொருத்துவதற்கு 35 நியூட்டன்-செண்டிமீட்டர் முறுக்குவிசை பரவலாகக் கொள்ளப்படும் அளவு. இவ்வெண்ணை எட்டியதாலேயே உள்வைப்பு நிலைக்கும் எனக் கொள்ளலாகாது. மிகையாக நெருக்குண்ட எலும்பு சிதைந்து கரையும். புதிய எலும்பு உருவாகும் முன்னரே பிடிப்புத் தளரும். பொருத்திய மூன்று, நான்கு வாரங்களில் நிலைப்பு தாழ்வது இதனோடு தொடர்புடையது. மெரிடித் 1996இல் விளக்கிய ஒத்ததிர்வு முறை நிலைப்பை 1 முதல் 100 வரையிலான குறியீட்டால் அளக்கிறது. பொருத்திய அன்றும், பல்லைப் பூட்டும் முன்னரும் இவ்வளவை எடுத்து ஒப்பிடுதல் நலம். ஒற்றை அளவீட்டின் பயன் குறைவே.

துளையின் இறுதி விட்டத்தைப் படத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. கூம்புக்கற்றை ஊடுகதிர்ப் படத்தின் சாம்பல்நிற அளவுகள் கருவிக்குக் கருவி வேறுபடும். முதல் துளைமுனை எலும்பில் இறங்கும்போது மருத்துவரின் கை உணரும் எதிர்ப்பையும் சேர்த்தே அடுத்த துளைமுனையின் அளவு தெரிவுசெய்யப்படுகிறது.