ஒரே வசனம், இரண்டு தமிழ் பைபிள்: ஏசாயாவை எப்படி வாசிப்பது?

போடிநாயக்கனூரிலிருந்து வரும் பஸ் குரங்கணியோடு நின்றுவிடும். மேலே இருக்கிற டாப் ஸ்டேஷனுக்குப் போகணும்னா நடந்துதான் ஏறணும். வண்டியில்தான் போவேன் என்றால் மறுபடி போடிக்கு இறங்கி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மூணாறு வழியாகச் சுற்ற வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலைப் பெட்டிகளே டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு ரோப்வேயில் தொங்கிக்கொண்டுதான் இறங்கின.

இந்தச் சரிவுகளில் வாழும் ஒருவர் ஏசாயா 40-ஆம் அதிகாரத்தைக் கேட்டால் என்ன தோன்றும்? பள்ளங்கள் உயரும், மலைகள் தாழும், கரடுமுரடான இடம் சமமாகும் என்கிறது அது. முதலில் ரோடுதான் ஞாபகத்துக்கு வரும். அதில் தப்பே இல்லை. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் அதை முதன்முதலில் கேட்டவர்களுக்கும் அது ஒரு பாதையைப் பற்றிய செய்திதான். கிறிஸ்தவர்களுக்கோ அது இயேசுவுக்கு முன்னால் வந்த யோவான் ஸ்நானகனைப் பற்றியது. எது சரி? டிசம்பர் வந்தால் சபைகளில் ஏசாயா வாசிக்கப்படும். கையில் போன் வைத்திருக்கும் இளைஞர்களிடமிருந்து இந்தக் கேள்வியும் வரும்.

*குரல் எங்கே, வழி எங்கே?*

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பொதுவாக இரண்டு பைபிள்களில் ஒன்று இருக்கும். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-இல் வெளிவந்த பழைய திருப்புதல் ஒன்று. கத்தோலிக்கர்களும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் மற்றொன்று. ஏசாயா 40:3-ஐ இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பழைய திருப்புதலில் குரல் கொடுப்பவர் வனாந்தரத்தில் நிற்கிறார். திருவிவிலியத்தில் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லப்படவில்லை. பாலைநிலத்தில் போடப்பட வேண்டியது வழி.

காரணம் ஒரு காற்புள்ளி அளவுதான். பழைய எபிரேய எழுத்தில் நிறுத்தற்குறிகள் கிடையாது. பெரும்பாலும் உயிரெழுத்துகளும் கிடையாது. புள்ளி வைக்காத ஓலைச்சுவடிகளைப் பிரித்துப் படிக்க உ.வே.சா. பட்ட பாடு தமிழருக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே சிக்கல்தான் இங்கேயும். யூத அறிஞர்கள் பிற்காலத்தில், ஏறக்குறைய 7 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள், வாசிப்புக் குறிகளைச் சேர்த்தார்கள். அந்தக் குறிகளின்படி ‘வனாந்தரம்’ வழியோடு சேருகிறது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே வந்த கிரேக்க மொழிபெயர்ப்பை வனாந்தரத்தில் ஒலிக்கும் குரலாகவும் வாசிக்க முடிந்தது. நற்செய்தியாளர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். பழைய திருப்புதல் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

இந்த ஒரே வரியை எத்தனை பேர் தங்களுக்கானதாக வாசித்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். கி.மு. 587 வாக்கில் எருசலேம் விழுந்து, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏசாயா 40 அந்த அகதிகளை நோக்கிப் பேசுவதாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களுக்கு அது ஊர் திரும்பும் பாதை. பின்னர் சாக்கடல் ஓரம் கும்ரானில் வாழ்ந்த ஒரு யூதக் குழு, தாங்கள் ஏன் பாலைவனத்துக்கு வந்தோம் என்பதற்கு இதே வரியைக் காரணம் காட்டியது. அவர்களுக்கு ‘வழி’ என்றால் வேத ஆராய்ச்சி. மூன்றாவதாக, அங்கிருந்து அதிக தூரமில்லாத யோர்தான் கரையில் பிரசங்கித்த யோவானுக்கு நற்செய்திகள் அந்த வரியைப் பொருத்தின. கிறிஸ்தவர்கள் செய்தது மட்டும் விசித்திரமான காரியம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

*கன்னியா, இளம்பெண்ணா?*

பெரிய சண்டை நடந்தது வேறொரு வசனத்துக்காக: ஏசாயா 7:14. பழைய திருப்புதலில் ‘கன்னிகை’. திருவிவிலியத்தில் ‘இளம்பெண்’. ஆனால் இந்த வசனத்தை மேற்கோள் காட்டும் மத்தேயு 1:23-இல் திருவிவிலியமும் ‘கன்னி’ என்றே போடுகிறது.

எபிரேயச் சொல் ‘அல்மா’. திருமண வயதுப் பெண் என்று பொருள். 1947-இல் கும்ரான் குகையில் கிடைத்த, ஏழு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஏசாயா சுருளிலும் அதே சொல்தான். அந்தச் சுருள் இயேசுவுக்கு நூறாண்டுக்கும் முந்தையது. அப்படின்னா மத்தேயு வார்த்தையை மாற்றிவிட்டாரா? இல்லை. அந்த வசனத்துக்கு ‘பார்தெனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை, வழக்கமாகக் கன்னியைக் குறிக்கும் சொல்லை, இயேசு பிறப்பதற்கு முன்பே யூத மொழிபெயர்ப்பாளர்கள் போட்டுவிட்டார்கள். கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு தன் கையில் இருந்த பிரதியைப் பயன்படுத்தினார்.

வசனத்தின் முதல் சூழல் அரசியல். கி.மு. 735 வாக்கில் யூதாவின் அரசன் ஆகாஸை இரண்டு அண்டை அரசர்கள் மிரட்டுகிறார்கள். பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு நல்லது கெட்டது தெரிகிற வயது வருவதற்குள் அந்த இருவரின் நாடும் பாழாகும் என்கிறார் ஏசாயா. கி.மு. 732-இல் தமஸ்கு அசீரியரிடம் வீழ்ந்தது, கி.மு. 722-இல் சமாரியா. ஆகாஸுக்கு எழுநூறு ஆண்டுகள் கழித்துப் பிறக்கும் குழந்தை என்ன அடையாளம்? இது யூதர்கள் இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுப்பிய கேள்வி. ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் திரிபோ என்ற யூதரோடு நடத்தும் உரையாடலாக எழுதிய நூலில் இந்த விவாதம் விரிவாகவே இருக்கிறது. 1952-இல் ஓர் ஆங்கில பைபிள் ‘இளம்பெண்’ என்று அச்சிட்டபோது, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தையே எரித்தார். 1800 வருஷமாகத் தெரிந்த விஷயத்துக்கு இவ்வளவு கோபம்!

*தீர்க்கதரிசி என்றால் யார்?*

குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ‘தீர்க்கதரிசி’ என்றால் தொலைவைப் பார்ப்பவர். கேட்டதும் எதிர்காலம் சொல்பவர் என்ற எண்ணம் வந்துவிடும். திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்கிறது: கடவுளின் வாக்கைப் பேசுபவர். எபிரேயத்தின் ‘நபி’க்கு இதுவே நெருக்கம். ஏசாயாவும் ஆமோசும் தங்கள் காலத்து அரசரையும் பணக்காரரையும் கண்டித்ததுதான் அதிகம். வருங்காலம் பற்றிய பேச்சு அந்தக் கண்டிப்பின், அல்லது ஆறுதலின், ஒரு பகுதி.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கி உயிரிழந்தார்கள். இப்படி ஒரு துயரத்துக்கு ‘அன்றே சொல்லப்பட்டது’ என்று ஒரு வசனத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவது ரொம்ப சுலபம். ஏசாயா 40-லேயே மனிதரைப் புல்லுக்கும், அது உலர்ந்துபோவதற்கும் ஒப்பிடும் வரிகள் இருக்கின்றன. ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவது, எல்லாம் இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்ற கட்டளையோடு. வரியை மட்டும் உருவி எடுத்தால் ஆறுதல் போய், பயமுறுத்தல் மிஞ்சும்.

*அப்படியானால் கிறிஸ்தவ வாசிப்பு தவறா?*

சமவெளியிலிருந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவராகத் தெரியும். ஏறத் தொடங்கினால்தான் ஒவ்வொரு முகட்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு இருப்பது புரியும். பல போதகர்கள் தீர்க்கதரிசனத்தை இப்படித்தான் விளக்குகிறார்கள்: ஏசாயா கிட்டத்தில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒரே காட்சியாகக் கண்டார் என்று. அழகான உவமைதான். ஆனால் கண்டது ஏசாயாதான் என்று அது எடுத்துக்கொள்கிறது. நடந்தது பெரும்பாலும் எதிர்த்திசையில். இயேசுவை நம்பிய பிறகு, அவருடைய சீடர்கள் பழைய ஏடுகளுக்குத் திரும்பிப் போய் அவரை அங்கே கண்டார்கள். மேலே ஏறி முடித்தவர் திரும்பிக் கீழே பார்த்து, வந்த பாதையை அடையாளம் காண்பதுபோல. வத்திக்கானின் விவிலிய ஆணையம் 2001-இல் வெளியிட்ட ஆவணம் இதை ஒளிக்காமல் சொன்னது: கிறிஸ்தவ வாசிப்பு பின்னோக்கிய வாசிப்பு, யூதர்களின் வாசிப்பும் ஏற்கத்தக்க வாசிப்பே.

இது சின்ன ஒப்புதல் இல்லை. தங்கள் சொந்த வேதத்தையே புரிந்துகொள்ளாத குருடர்கள் என்று யூதர்களை ஐரோப்பியத் திருச்சபை பல நூற்றாண்டுகள் ஏசியது. அந்த ஏச்சு சொல்லோடு நிற்கவுமில்லை.

புத்தகங்களை அடுக்கிய விதத்திலேயே இரண்டு வாசிப்பும் தெரியும். கிறிஸ்தவ பைபிளில் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது. அடுத்தது மத்தேயு, அதாவது எதிர்பார்ப்பும் நிறைவும். யூத வேதம் குறிப்பேட்டு நூலோடு, எருசலேமுக்குத் திரும்பிப் போக கோரேசு அனுமதி கொடுப்பதோடு முடிகிறது. அங்கே கடைசிச் செய்தி, ஊருக்குப் போகலாம் என்பது.

போனில் திருவிவிலியம் இருந்தால் ஏசாயா 40:3-ஐயும் மாற்கு 1:3-ஐயும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். முதலாவதில் பாலைநிலம் வழியோடு இருக்கும், இரண்டாவதில் குரலோடு. மொழிபெயர்த்தவர்கள் ஒன்றை இன்னொன்றுக்கு ஏற்றபடி திருத்தவில்லை. இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.