டக்கென்று ஒரு சத்தம் வரும்

மார்பகக் கட்டிக்குப் பயாப்ஸி எடுக்கச் சொல்லிச் சீட்டோடு வருகிற பெண்களுக்கு நான் முதலில் ஒரு சத்தத்தைக் கேட்கக் கொடுப்பேன். பயாப்ஸி எடுக்கும் கருவியை எங்கள் அறையில் 'கன்' என்றுதான் சொல்வோம். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். பொத்தானை அமுக்கினால் ஊசி சட்டென்று முன்னால் போய், மெல்லிய இழையாகக் கொஞ்சம் சதையை வெட்டிக்கொண்டு வரும். அப்போது ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று கேட்கும். படுத்திருப்பவருக்குக் கருவி தெரியாது. "கன் ரெடியா?" என்று டாக்டர் கேட்பது காதில் விழும், அடுத்து அந்த டக். மரத்துப்போன இடத்தில் வலியே தெரியாவிட்டாலும் உடம்பு தூக்கிவாரிப் போடும். அதனால் ஊசி பக்கத்தில் வருவதற்கு முன்பே ஒருமுறை காற்றில் அடித்துக் காட்டிவிடுவேன். "இவ்வளவுதாம்மா சத்தம். இது கேட்டா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். பயாப்ஸி அறையில் டாக்டர் திரையைப் பார்ப்பார், நான் படுத்திருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். 'பயப்படாதீங்க' என்று சொல்லி யாருக்கும் பயம் போனதாக எனக்கு நினைவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னால் பிடித்த கை கொஞ்சம் தளர்வதைத் தினமும் பார்க்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் முந்தின இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ் 4' என்று இருந்திருக்கும். மகளோ மருமகளோ அதைப் போனில் தேடிப் படித்து, அது ஏதோ நாலாவது ஸ்டேஜ் என்று வீடே அழுது முடித்திருக்கும். பைராட்ஸ் என்பது புற்றுநோயின் ஸ்டேஜ் இல்லை. படத்தைப் பார்த்த டாக்டருக்கு எவ்வளவு சந்தேகம் என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான். 0 முதல் 6 வரை போகும். 3 என்றால் புற்றாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, பெரும்பாலும் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ சந்தேகம். நடுவில் இருக்கிற 4 மட்டும் 2-லிருந்து 95 வரை விரிந்து கிடக்கிறது. அதனால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரித்து எழுதுகிறார்கள். 4ஏ என்றால் 10 சதவீதத்துக்குள். உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று இருந்தால் எந்த எழுத்து என்று கேளுங்கள், தப்பில்லை.

"கேன்சரா இருக்குமா சிஸ்டர்?" என்று கேட்காதவர் இல்லை. அமெரிக்காவில் பயாப்ஸி எடுக்கிற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேருக்குப் புற்று இல்லை என்றுதான் வரும். அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவர முடியாது. அங்கே கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே மேமோகிராமில் பிடிக்கிறார்கள், நம்மவர்கள் கட்டி தெரிந்து, அதற்கப்புறமும் ஆற அமரத்தான் வருகிறார்கள். ஆனாலும் இங்கேயும் கட்டி என்றால் புற்று என்று அர்த்தமில்லை. கல்லூரிப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, தொட்டால் நழுவி ஓடும் சாதாரணக் கட்டி. நாற்பதை ஒட்டியவர்களுக்கு நீர்க்கட்டி. பால்குடி மறக்கடித்துச் சில வருஷம் ஆனவர்களுக்கு வரும் ஒருவகை நாள்பட்ட வீக்கம், ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுநோய் போலவே தெரியும். மார்பகத்தில் காசநோய் வருவதும் நம் நாட்டில் உண்டு. இவற்றைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்பதால்தான் சதையை எடுத்துப் பார்க்கிறோம்.

அடுத்த பயம், "கத்தி பட்டா பரவிரும்." இதைச் சொல்லி அனுப்பாத பக்கத்து வீட்டுக்காரர் உண்டா! ஊசி போகிற தடத்தில் சில செல்கள் இடம் மாறலாம் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நோய் முற்றுகிறது, ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. என்ன வகை என்று தெரியாமல் கட்டியை மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டு, பிறகு இரண்டாவது ஆபரேஷனுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி பயாப்ஸி அதைத் தவிர்க்கத்தான்.

எஃப்.என்.ஏ.சி என்று சொல்வது வேறு. அது ரத்தம் எடுக்கிற ஊசி போல மெல்லியது, செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும். பயாப்ஸி ஊசி அதைவிடத் தடிமன், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். துண்டாகவே சதை வருவதால் புற்றா இல்லையா என்பதோடு, புற்றாக இருந்தால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதில் பார்க்க முடியும்.

இனி வருகிற அன்றைக்கு. வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டு வராதீர்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிறோம், மயக்கம் கொடுப்பதில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். பட்டினியோடு வந்து தலைசுற்றி உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். சேலையும் முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டும் வசதி. தலைவழியாகக் கழற்றும் சுடிதார் டாப், முடிந்தபின் கையைத் தூக்கிப் போட முடியாமல் படுத்தும். பவுடர், சென்ட் வேண்டாம். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு பல் பிடுங்கும்போது மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தாலி விஷயம் தனி. அல்ட்ராசவுண்ட் பார்த்து எடுக்கும்போது அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் போதும். மேமோகிராம் மெஷினில் வைத்து எடுக்கிற பயாப்ஸியில் சங்கிலி படத்தில் விழுந்துவிடும். கழற்றச் சொன்னால் சிலருக்கு அங்கேயே கண் கலங்கும். ஏற்கெனவே கெட்டதை நினைத்துக்கொண்டு வந்தவர்கள். நான் சரட்டை முதுகுப் பக்கம் திருப்பிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவேன். அதற்கு முன் அதில் கோத்திருக்கும் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுப்பேன். நாலைந்து ஊக்கு இல்லாத தாலிச்சரடு எங்கள் பக்கம் அபூர்வம்.

அறைக்குள் ஏசி குளிரும். மல்லாந்து படுத்து, கட்டி உள்ள பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் வைக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குள் முடிகிற வேலை என்றாலும், பலருக்கு ஊசியைவிடத் தோள்வலிதான் நினைவில் நிற்கிறது. தோள் பிடித்துக்கொள்ளும் தொந்தரவு உள்ளவர்கள் முதலிலேயே சொன்னால் தலையணை கொடுத்துச் சரிசெய்யலாம். ஆண் டாக்டராக இருந்தால் கூச்சம் இருக்கும். பெண் ஊழியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எடுக்கிற இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடச் சொல்வதும் அப்படித்தான்.

மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயின் உள்ளே போகும்போது 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்பது எங்கள் தொழிலின் பழைய பல்லவி. எனக்கு அது பிடிப்பதில்லை. பாஸ்டனில் எல்விரா லாங் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சிகிச்சை அறைகளின் வீடியோப் பதிவுகளைப் பார்த்து 2005-இல் அவர்கள் எழுதியது, 'இப்ப வலிக்கும், குத்தும்' என்று முன்னறிவிப்பு கொடுத்தவர்களுக்கு வலியும் பதற்றமும் கூடியிருந்தன என்று. அடுத்த வருஷம் பயாப்ஸிக்கு வந்த 236 பெண்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். வழக்கம்போல நடத்தப்பட்டவர்களுக்கு நேரம் ஆக ஆகப் பதற்றம் ஏறியது. ஒருவர் பக்கத்தில் நின்று, சொல்வதைக் கேட்டுக் கனிவாகப் பேசிய பிரிவினருக்கு ஏறவில்லை. மனதைத் தளர்த்தும் சொற்களைப் படித்துக் காட்டிய பிரிவினருக்கு இறங்கியது.

அதனால் நான் செய்கிறதைச் சொல்கிறேன்: "மருந்து போகுதும்மா. மெதுவா பத்து எண்ணுங்க. அந்த இடம் கனமாகும், அப்புறம் மரத்துப்போகும்." வலிக்குமா என்று நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். மருந்து போகும்போது சில விநாடி எரியும், பிறகு அழுத்தம் மட்டும் தெரிய வேண்டும். வலி தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் மருந்து போட இடமிருக்கிறது. பொறுத்துக்கொள்வதற்கு அங்கே பரிசு ஒன்றும் இல்லை. பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவர்கள் நம் பெண்களில்தான் எத்தனை பேர்! அவர்களுக்காக ஒரு ஏற்பாடு: ஊசி இல்லாத பக்கத்துக் கை என் கையில் இருக்கும், அழுத்திப் பிடித்தால் டாக்டரை நிறுத்தச் சொல்லிவிடுவேன். பெரும்பாலோர் அழுத்துவதில்லை. நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே போதுமாக இருக்கிறது.

தோலில் சில மில்லிமீட்டர் கீறல், தையல் கிடையாது. அதன் வழியாக மூன்று முதல் ஆறு துண்டு வரை எடுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டக். எத்தனை என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் 'இன்னும் எத்தனை?' என்ற தவிப்பு இருக்காது. நெஞ்சு ஏறி இறங்கினால் குறி தவறும் என்பதால் அந்நேரம் பெருமூச்சு வேண்டாம்; மெதுவாக, சின்னதாக மூச்சு விட்டால் சரி. எடுத்த துண்டு ஃபார்மலின் பாட்டிலில் மிதப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காட்டுவேன். அரையங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய வெளிறிய நூல். "இதுக்கா சிஸ்டர் இந்தப் பாடு?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

பாட்டு கேட்கலாமா என்றால் தாராளமாக. டியூக் பல்கலைக்கழகத்தில் 121 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பயாப்ஸியின்போது தியானப் பதிவோ இசையோ கேட்டவர்களுக்குப் பதற்றமும் அசதியும் குறைந்தன. எங்கள் அறையில் இளையராஜாதான் அதிகம் ஓடுவார். கந்த சஷ்டி கவசம் முணுமுணுப்பவர்கள், ஜெபமாலை உருட்டுகிறவர்கள், தஸ்பீஹ் எண்ணுகிறவர்கள் எல்லோரும் உண்டு. ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும், இன்னொரு காது எனக்கு வேண்டும்.

முடிந்ததும் பத்து நிமிஷம் நான் அழுத்திப் பிடிப்பேன். மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கும், அப்போது வலி தெரிய ஆரம்பிக்கும். பாராசிட்டமால் போதும், வேறு வலி மாத்திரை டாக்டரைக் கேட்டு. ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். இறுக்கமான பிராவை அன்றிரவும் கழற்றாமல் இருந்தால் வலி குறையும். இரண்டு நாள் தண்ணிக்குடம், சிலிண்டர் தூக்க வேண்டாம் என்று நான் சொல்வது கூட வந்த வீட்டுக்காரரைப் பார்த்துத்தான். நீலம் பாரித்து, மஞ்சளாகி மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அது சகஜம். ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, வீக்கம் பெருத்துக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ உடனே வாருங்கள்.

பிறகுதான் பெரிய வேதனை, காத்திருப்பது. சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். லாங்கின் குழு 2009-இல் இதையும் அளந்தது. பயாப்ஸிக்கு ஐந்து நாள் கழித்தும் முடிவு தெரியாதவர்களின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எப்படி இருந்ததென்றால், புற்று என்று தெரிந்துவிட்டவர்களுக்கு இருந்த மாதிரியே. நீங்கள் வீணாகக் கற்பனை செய்து மாய்வதில்லை, உடம்பே அப்படித்தான் இருக்கிறது. அதனால் கிளம்பும்போது இரண்டு கேள்விக்குப் பதில் வாங்காமல் போகாதீர்கள்: ரிப்போர்ட் என்றைக்கு, யார் அதைச் சொல்வார்கள்? இரவு தூக்கம் வராமல் மனசு அலைபாய்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வராந்தாவில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்னன்னாலும் அவகிட்ட சொல்லிராதீங்க சிஸ்டர்" என்கிற கணவர்கள் இருக்கிறார்கள். பாசம்தான். ஆனால் ஊசி ஏறியது அவர் உடம்பில். முதலில் தெரிய வேண்டியதும் அவருக்கு. ரிப்போர்ட் வாங்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் காதில் விழாததை மற்றவர் கேட்டுக்கொள்ளலாம். சாதாரணக் கட்டி என்று வந்தாலும் 'ஸ்கேனில் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறதா?' என்று கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதற்கு முதல் தடவை தவறு என்று அர்த்தமில்லை.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாக வந்ததாக உலகக் கணக்கு சொல்கிறது. சீக்கிரம் வந்தால் குணமாகிற நோய்தான் இது. பேத்தி காதுகுத்து முடியட்டும், தை பிறக்கட்டும் என்று சீட்டை பீரோவில் வைத்திருக்கிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்த வாரமே தேதி வாங்குங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.